பிரவெட்ஸ்: கணினிக்குப் பெயர் கொடுத்த சிற்றூர் – ஒரு நிகழ்வு ஆய்வு

பல்கேரியாவின் பிரவெட்ஸில் 1980களில் கணினி உற்பத்தி தொடங்கி, பத்தே ஆண்டுகளில் முடிந்துபோனது. அதைத் தொடக்கம் முதல் விளைவு வரை வரிசையாகப் பதிவு செய்கிறோம். வடிவமைத்த பொறியாளர்கள், ஆலை நிர்வாகிகள், தொழிலாளர்கள் ஆகியோரின் பெயர்கள் வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டுள்ளன. எந்த முடிவு என்ன காரணத்தால் எடுக்கப்பட்டது, அது எங்கே போய் முட்டியது என்பதே இங்கே முக்கியம்.

பின்னணி

தலைநகர் சோஃபியாவிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஸ்தாரா பிளானினா மலைத்தொடரை வித்தின்யா கணவாய் வழியாகக் கடந்து இறங்கினால் போதெவ்கிராட் நகரம். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பிரவெட்ஸ். இன்றைக்கும் மக்கள்தொகை சில ஆயிரம்தான். 1981 வரை இது கணக்கில் கிராமம். அந்த ஆண்டுதான் நகரம் என்று அறிவிக்கப்பட்டது.

இப்படிப்பட்ட ஊருக்கு மின்னணு ஆலை எப்படி வந்தது என்ற கேள்விக்கு விடை எளிது. 1954 முதல் 1989 வரை கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையில் இருந்து நாட்டை ஆண்ட தோதொர் ஷிவ்கொவ் 1911இல் பிறந்த ஊர் இது. நல்ல சாலை, பள்ளி, ஆலை என்று பலவும் இந்தப் பிறப்புரிமையில் வந்தவை. ஆனாலும் 'தலைவரின் சொந்த ஊர்' என்பதோடு கதையை முடித்துவிட்டால் பாதி விஷயம் விட்டுப்போகும். பக்கத்துப் போதெவ்கிராடில் குறைக்கடத்தி ஆலை இருந்தது, 'சவ்தார்' பேருந்து ஆலையும் இருந்தது. பிரவெட்ஸிலும் கருவிகள் செய்யும் ஆலை இருந்தது. சாலிடர் பிடிக்கத் தெரிந்த கைகளும் மின்சுற்று வரைபடம் படிக்கத் தெரிந்த ஆட்களும் அந்தப் பள்ளத்தாக்கில் ஏற்கெனவே இருந்தார்கள். தலைவரின் செல்வாக்கு ஆலையைக் கொண்டுவந்தது உண்மை. அதை ஓட வைத்தது இந்தக் கைகள்.

இன்னொரு பின்புலமும் உண்டு. சோவியத் அணி நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான கொமெகான், 1969 முதல் கணினித் துறையை உறுப்பு நாடுகளிடையே பங்கு பிரித்தது. வட்டு நினைவகம், நாடா நினைவகம் போன்றவை பல்கேரியாவின் பங்கில் வந்தன. ஸ்தாரா சகோராவில் வட்டு ஆலை எழுந்தது. யார் எதைச் செய்வது, யார் வாங்குவது என்பதை ஒப்பந்தமே தீர்மானித்தது. விற்பனை என்று தனியாக ஒரு வேலை தேவைப்படவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

முதல் முடிவு: எதை நகல் எடுப்பது

1980 வாக்கில் சோஃபியாவின் தொழில்நுட்பத் தன்னியக்கவியல், எந்திரனியல் ஆய்வு நிறுவனத்தில் 'இம்கோ' என்ற தனியாள் கணினி உருவானது. அதன் அடுத்த வடிவம்தான் 1982இல் 'பிரவெட்ஸ் 82' என்ற பெயரில் உற்பத்திக்குப் போனது. இரண்டும் அமெரிக்காவின் ஆப்பிள் 2 கணினியை ஒட்டிச் செய்யப்பட்டவை.

ஆப்பிள் 2 தேர்வானதற்கு அரசியல் காரணம் தேட வேண்டாம். அந்தப் பலகையைத் திறந்து பார்த்தாலே காரணம் தெரியும். அதில் ஆப்பிளுக்கென்று தனியாகச் செய்த சில்லு எதுவும் கிடையாது. ஏறத்தாழ நூறு சில்லுகள். அவற்றில் பெரும்பாலானவை கடையில் கிடைக்கும் சாதாரண தர்க்கச் சில்லுகள். அவற்றுக்கு ஈடானவை சோவியத் அணி நாடுகளிலேயே தயாராகின. அதே காலத்து அடாரி 800ஐ எடுத்துக்கொண்டால், படம் வரைவதற்கென்றே தனிச் சில்லுகள் உண்டு. அவற்றின் உள்ளமைப்பை உடைத்துப் படிக்காமல் நகல் எடுக்க முடியாது. ஆப்பிளோ தன் பயன்பாட்டுக் கையேட்டிலேயே மின்சுற்று வரைபடத்தையும் அடிப்படை நிரலின் முழுப் பட்டியலையும் அச்சிட்டுக் கொடுத்திருந்தது. நகல் எடுப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

பிளாப்பி வட்டுக்கும் இதே கதைதான். வட்டைக் கட்டுப்படுத்தும் வேலையின் பெரும்பகுதியை ஆப்பிள் மென்பொருளுக்குத் தள்ளியிருந்ததால், கட்டுப்பாட்டு அட்டையில் எட்டே சில்லுகள் போதுமாக இருந்தன. ஒரு பக்கத்தில் 35 தடங்கள், தடத்துக்கு 16 பகுதிகள், பகுதிக்கு 256 பைட். ஆகமொத்தம் 1,43,360 பைட். அன்றைக்கு ஒரு பள்ளிப் பாடத்திட்டத்தையே அதில் அடக்கலாம்.

நகலோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டு வந்த குறை ஒன்றும் உண்டு. ஆப்பிளின் வண்ணம் அமெரிக்கத் தொலைக்காட்சி முறையின் ஒரு தந்திரத்தை நம்பியது. புள்ளிகளின் இடைவெளி வண்ண அலையோடு பொருந்துவதால்தான் திரையில் நிறம் தெரியும். பல்கேரியாவில் இருந்ததோ செகாம் முறை. அங்கே அந்தத் தந்திரம் செல்லாது. அதனால் பெரும்பாலான பிரவெட்ஸ் 82கள் ஒற்றை நிறத் திரையோடே வாழ்ந்து முடித்தன. பள்ளிக்கூடத்துக்கு அது பெரிய இழப்பு அல்ல.

இரண்டாவது முடிவு: எழுத்து

நகலிலேயே தங்கள் சொந்த மூளையைக் காட்டிய இடம் இது. சிரில்லிக் எழுத்து பிறந்து வளர்ந்த நிலம் என்று பல்கேரியர்கள் தங்கள் நாட்டைச் சொல்வார்கள். மே 24 அங்கே எழுத்துக்கும் கல்விக்குமான திருநாள். தாய்மொழி எழுத்து இல்லாத கணினியை அங்கே பள்ளிக்குள் கொண்டுபோக முடியாது.

ஆப்பிள் 2வில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மட்டுமே உண்டு. சிறிய எழுத்துகளுக்கான 32 இடங்கள் காலியாகக் கிடந்தன. பல்கேரிய நெடுங்கணக்கில் 30 எழுத்துகள். கணக்கு ஒத்துப்போனது. அந்தக் காலி இடங்களில் சிரில்லிக் பெரிய எழுத்துகளை வைத்தார்கள். கூடுதல் நினைவகமோ கூடுதல் சில்லோ தேவைப்படவில்லை. எழுத்து வடிவங்களை வைத்திருக்கும் ரோம் சில்லை (படிக்க மட்டுமான நினைவகம்) மாற்றினால் போதும். இதற்கு விலை என்ன? வெளிநாட்டு நிரல் ஏதாவது ஆங்கிலச் சிறிய எழுத்தில் எழுதினால் திரையில் சிரில்லிக் எழுத்துக் குவியல் வரும். இரண்டு மொழிகளிலும் சிறிய எழுத்தே கிடையாது. அன்றைய தேவைக்கு இது நியாயமான பேரம் என்பதே எங்கள் மதிப்பீடு.

பின்னர் ஐபிஎம் கணினிக்கு இணக்கமான பிரவெட்ஸ் 16 வந்தபோது சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. அதில் 256 குறிகளுக்கு இடம் உண்டு. மேல் பாதியில் சட்டம் வரையும் கோடுகள் இருந்தன. சோவியத் தரப்பு அந்தக் கோடுகளைத் தொடாமல் விட்டு, தங்கள் எழுத்து வரிசையை இரண்டாக வெட்டியது: சிறிய எழுத்துகளின் முதல் பாதி 160 முதல் 175 வரை, மறுபாதி 224 முதல் 239 வரை. பல்கேரியர்கள் 'மிக்' என்ற குறிமுறையில் இதற்கு நேர் எதிராகச் செய்தார்கள். 128 முதல் 191 வரை இடைவெளியே இல்லாமல், ரஷ்ய எழுத்துகளும் சேர்த்து, பெரியதும் சிறியதுமாக 64 எழுத்துகளையும் வைத்துவிட்டு, இடத்தை இழந்த கோடுகளை மேலே தள்ளினார்கள்.

விளைவை இரண்டு பக்கமும் பார்க்கலாம். மிக் முறையில் எந்தப் பெரிய எழுத்தையும் சிறியதாக்க 32 கூட்டினால் போதும். சோவியத் முறையில் முதல் பாதிக்கு 32, மறுபாதிக்கு 80. நிரலில் எப்போதும் ஒரு 'இப்படியானால்' கூடுதலாக வேண்டும். ஆனால் மேற்கத்திய நிரல்களைப் பிரவெட்ஸ் 16இல் ஓட்டினால் சட்டங்களின் கிடைக்கோடு ஒழுங்காக வரும், செங்குத்துக் கோடு எழுத்தாகிவிடும். ஒற்றைச் செங்குத்துக் கோட்டின் குறி 179; மிக்கில் அது 'உ' ஒலி தரும் சிறிய எழுத்து. திரையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக அந்த ஒரே எழுத்து வரிசையாக நிற்கும். அந்தக் காலத்தில் கணினி பழகியவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த காட்சி.

மூன்றாவது முடிவு: ஒரே ஆலையில் மூன்று வம்சம்

1985ஐ ஒட்டிய ஆண்டுகளில் வரிசை பெருகியது. பிரவெட்ஸ் 8எம்மில், ஆப்பிள் 2 வழியில் வந்த 6502 செயலியோடு இசட்80 செயலியும் பலகையிலேயே சேர்ந்தது. அதனால் சிபி/எம் என்ற இயங்குதளத்துக்கான நிரல்களும் ஓடின. 8ஏ வந்தபோது நினைவகம் விரிந்தது. செயலியிலும் மாற்றம் வந்தது: 6502க்கு ஈடாகப் பல்கேரியா செய்த சிஎம்630, ஒரு மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுவது, பின்வந்த வடிவங்களில் இடம்பிடித்தது.

அதே 1985இல் வந்த பிரவெட்ஸ் 8டி ஆப்பிள் வழியில் வந்ததே அல்ல. பிரிட்டனின் ஓரிக் அட்மாஸ் கணினியின் நகல் அது. சின்னப் பெட்டி, திரைக்கு வீட்டுத் தொலைக்காட்சி, சேமிக்க கேசட் நாடா. மலிவாகச் செய்யலாம், வீட்டுக்குப் போகலாம் என்பது கணக்கு. ஆனால் பிரவெட்ஸ் 82இன் நிரல் இதில் ஓடாது. இரண்டிலும் ஒரே 6502 இருந்தும் திரை நினைவகம், உள்ளீடு, சேமிப்பு எல்லாமே வேறு. மூன்றாவதாக 8088 செயலியில் பிரவெட்ஸ் 16.

இந்த நிகழ்வில் நாங்கள் தயங்காமல் தவறு என்று சொல்லக்கூடிய முதல் முடிவு இதுதான். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத மூன்று குடும்பங்கள் என்றால் சோதனைச் சாதனங்கள் மூன்று வகை, பழுது பார்ப்பவருக்குப் பயிற்சி மூன்று வகை, கையேடு மூன்று வகை. ஓர் ஆசிரியர் 82இல் எழுதிய பாடம் மாணவன் வீட்டு 8டியில் ஓடாது. வீட்டுக் கணினிக்கு ஆப்பிள் வழியிலேயே ஒரு குறுக்கிய வடிவத்தைச் செய்திருந்தால் நிரல்களின் குவியல் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும். அப்படிச் செய்யாததற்கும் காரணம் உண்டு: நூறு சில்லுப் பலகையை மலிவாக்குவது கடினம். ஓரிக் பலகையில் சில்லுகள் மிகக் குறைவு.

தேவை எங்கிருந்து வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். 1985 செப்டம்பரில் சோவியத் ஒன்றியம் பள்ளிகளில் கணினியியலைப் பாடமாக்கியது. ஒரே உத்தரவில் பல்லாயிரம் பள்ளிகளுக்குக் கணினி தேவைப்பட்டது. பிரவெட்ஸ் கணினிகளும் அங்கே போயின. உள்நாட்டில் பள்ளிகள், இளைஞர் கணினி மன்றங்கள். தன் சம்பளத்தில் வாங்கி வீட்டில் வைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். வாங்குபவர் யார் என்று பார்த்தால் ஏறத்தாழ எப்போதும் ஓர் அரசுதான்.

பலகைக்குள் கண்டவை

இன்றும் சேகரிப்பாளர்களிடம் ஓடும் பிரவெட்ஸ் 82கள் உண்டு. அவற்றைப் பழுது பார்க்கும் முறையைச் சொன்னால், அந்தக் காலத்து ஆலையும் பராமரிப்பாளர்களும் எதோடு மல்லுக்கட்டினார்கள் என்பது விளங்கும்.

முதலில் மின்சாரம். பலகைக்கு நான்கு மின்னழுத்தங்கள் வேண்டும்: +5, +12, −5, −12. இவற்றில் −5 அற்பமாகத் தெரியும். ஆனால் அதுதான் ஆளைக் கொல்வது. 48 கிலோபைட் ரேம் என்பது 4116 வகைச் சில்லுகள் 24. எட்டெட்டாக மூன்று வரிசை. இந்தச் சில்லுக்கு மூன்று மின்னழுத்தம்: 1ஆம் காலில் −5, 8ஆம் காலில் +12, 9ஆம் காலில் +5. +12 வந்து −5 வராமல் போனால் சில்லுகள் வரிசையாகச் சாகும். எனவே பல ஆண்டுகள் கிடந்த எந்திரத்தை எடுத்ததும் சுவிட்சைப் போடக்கூடாது. மின்வழங்கியைப் பலகையிலிருந்து கழற்றி, ஒரு சுமையை மாட்டி, நான்கையும் தனியாக அளந்து பார்த்த பிறகே இணைக்க வேண்டும். 4116 கிடைக்கவில்லையே என்று பின்னாளைய 4164ஐ அப்படியே செருகுபவர்களும் உண்டு. 4164 எதிர்பார்ப்பது 8ஆம் காலில் +5. அந்தச் சாக்கெட் தருவதோ +12. போட்ட நொடியில் சில்லு போய்விடும்.

அடுத்து செயலி. 37ஆம் காலில் ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு வருகிறதா, 40ஆம் காலில் மீட்டமைப்புக் கோடு இயக்கியதும் தாழ்ந்து பிறகு உயர்ந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் சரி, ஆனால் திரை முழுக்கக் குப்பை எழுத்து என்றால் ரேமின் முதல் வரிசைமேல்தான் முதல் சந்தேகம். 6502க்கு முதல் 512 பைட் இல்லாமல் உயிரில்லை. தற்காலிகக் குறிப்பும் அடுக்கும் அங்கேதான் இருக்கின்றன. எழுத்துத் திரை 1024இல் தொடங்குகிறது. எல்லாம் அதே முதல் வரிசை. அதிலுள்ள எட்டில் ஒன்று கெட்டாலும் எந்திரம் எழவே எழாது. மூன்றாவது வரிசையில் கெட்டிருந்தால் பேசிக் மொழி வந்து நிற்கும்; நினைவகம் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். ஆகவே கருவி எதுவும் இல்லாத பள்ளியில்கூடச் செய்யக்கூடிய வைத்தியம் ஒன்று உண்டு. மின்சாரத்தை அணைத்துவிட்டு, முதல் வரிசையின் எட்டுச் சில்லுகளையும் மூன்றாம் வரிசையின் எட்டோடு இடம் மாற்ற வேண்டும். எந்திரம் எழுந்துவிட்டால் குற்றவாளி இப்போது மூன்றாம் வரிசையில் இருக்கிறது. பிறகு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துப் பிடித்துவிடலாம். சில்லைச் செருகும்போது பள்ளம் இருக்கும் முனை எந்தப் பக்கம் என்பதை மட்டும் தப்பவிடக்கூடாது.

பாதிக் கோளாறுகளுக்குச் சில்லு காரணமே அல்ல. சாக்கெட்டின் கறுத்த காலும் தளர்ந்த பிடியும்தான் காரணம். சில்லை மெல்ல நெம்பி எடுத்து, கால்களைத் துடைத்து, திரும்ப அழுத்தினால் தீர்ந்துவிடும். ஆப்பிள் வடிவத்தில் எல்லாம் சாக்கெட்டில் உட்கார்ந்திருப்பது இங்கே வரம். ஒரே சில்லில் எல்லாவற்றையும் அடைத்த பின்னாளைய பலகைகளில் இந்தச் சுகம் கிடையாது.

இதில் நிகழ்வு ஆய்வுக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. இப்படிப்பட்ட எந்திரம் ஒரு பள்ளியில் ஐந்து ஆண்டு ஓட வேண்டுமானால், அருகில் உதிரிச் சில்லுகளும் அதை மாற்றத் தெரிந்த ஓர் ஆளும் வேண்டும். பல்கேரியாவின் சிற்றூர்ப் பள்ளிகளிலும் கணினி மன்றங்களிலும் அந்த ஆட்கள் உருவானார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், பலர் மாணவர்களே.

வரவும் செலவும் இரண்டு நாணயத்தில்

பிரவெட்ஸ் தோற்றதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் 'பழைய தொழில்நுட்பம்' என்பது. ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது முழுக்கப் பொருந்தவில்லை. ஆப்பிள் 2 வந்தது 1977. பிரவெட்ஸ் 82 ஐந்து ஆண்டு கழித்து. ஓரிக் அட்மாஸ் 1984. 8டி ஓர் ஆண்டில். ஐபிஎம் எக்ஸ்டி 1983. அதற்கு இணக்கமான பிரவெட்ஸ் 16 1980களின் நடுவிலேயே வந்துவிட்டது. பின்தங்கல் குறைந்துகொண்டே வந்தது. அப்படியிருந்தும் ஆலை நின்றது.

உண்மையான விரிசல் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. கொமெகானுக்குள் விற்றதற்கு வந்தது 'மாற்றத்தக்க ரூபிள்'. பெயரில்தான் மாற்றத்தக்கது, அணிக்கு வெளியே அதைக் கொண்டு ஒரு திருகாணி வாங்க முடியாது. ஆனால் புதிய தலைமுறைக் கணினி ஒவ்வொன்றிலும் மேற்கிலிருந்து டாலருக்கு வாங்க வேண்டிய உதிரிகள் இருந்தன. மேற்கின் ஏற்றுமதித் தடைகளால் அவற்றைச் சுற்றுவழியில் அதிக விலைக்கு வாங்க நேர்ந்ததும் உண்டு. பின்தங்கல் குறையக் குறைய டாலர் பங்கு கூடியது. அதாவது எந்திரம் நவீனமாக ஆக, ஒவ்வொரு விற்பனையிலும் செலாவணி கரைந்தது. ரூபிளில் பார்த்தால் ஆலைக்கு லாபம், டாலரில் பார்த்தால் நாட்டுக்குப் பள்ளம். இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

1989 முதல் 1991 வரை

1989 மே 16 முதல் 19 வரை, உலகின் முதல் பன்னாட்டுத் தகவலியல் ஒலிம்பியாட் இந்தச் சின்ன ஊரில் நடந்தது. 13 நாடுகளின் பள்ளி மாணவர்கள் நிரல் எழுதிப் போட்டியிட்டார்கள். இன்று பல பத்து நாடுகள் பங்கேற்கும் அந்தப் போட்டியின் முதல் வரியில் பிரவெட்ஸ் என்ற பெயர்தான் இருக்கிறது. ஊரின் உச்சம் அது.

அதே ஆண்டு நவம்பர் 10இல் ஷிவ்கொவ் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். 1990 மார்ச்சில் பல்கேரியா வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தியது. கடன் பத்து பில்லியன் டாலரைத் தாண்டியிருந்தது. கட்ட முடியாத நாட்டுக்கு யார் உதிரியைக் கடனில் கொடுப்பார்கள்? 1991 ஜனவரி 1 முதல் கொமெகான் நாடுகளுக்கிடையிலான வாணிபம் டாலருக்கும் உலகச் சந்தை விலைக்கும் மாறியது. ஒரே இரவில் சோவியத் பள்ளிக்கு ஒரு பிரவெட்ஸும் ஒரு தைவான் கணினியும் ஒரே நாணயத்தில் ஒப்பிடக்கூடியவை ஆகிவிட்டன. பிப்ரவரி 1இல் உள்நாட்டு விலைக் கட்டுப்பாடு விலகியது. ஜூனில் கொமெகான் கலைந்தது. டிசம்பரில் சோவியத் ஒன்றியமே இல்லை.

வாங்குபவர், நாணயம், கடன், புரவலர் என்று நான்கும் இரண்டு ஆண்டுக்குள் போனால் எந்த ஆலையும் தாங்காது. 1990களில் பிரவெட்ஸின் கணினி உற்பத்தி முடிவுக்கு வந்தது. சோஃபியாவில் ஒரு சிறு கடைக்காரர் தைவான் பலகையையும் பெட்டியையும் வாங்கித் திருகாணி முடுக்கி விற்பது, முழு ஆலையை ஓட்டுவதைவிட மலிவாகிவிட்டது.

பிறகு நடந்தவை

ஆலையோடு ஊரும் செத்துவிடவில்லை, ஆனால் சுருங்கியது. நாட்டுக்கே நடந்தது இதுதான்: 1985 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 89.5 லட்சமாக இருந்த பல்கேரிய மக்கள்தொகை 2021இல் 65 லட்சமாகக் குறைந்தது. 1996–97இல் பணவீக்கம் சேமிப்புகளைத் தின்றது. 1997 ஜூலை 1இல் 1000 லெவாவுக்கு ஒரு ஜெர்மன் மார்க் என்று நாணயத்தைக் கட்டிப்போட்ட பிறகே நிலை அடங்கியது.

கைகள் எங்கே போயின என்பதுதான் பார்க்க வேண்டியது. பக்கத்துப் போதெவ்கிராடில் இன்று கார்களுக்கான உணரிகளும் மின்னணுப் பலகைகளும் பன்னாட்டு நிறுவனங்களுக்காகத் தயாராகின்றன. மலைக்கு இந்தப் பக்கம் மின்னணு வேலை அறுந்துபோகவில்லை. முதலாளி மாறினார், வாங்குபவர் மாறினார். பிரவெட்ஸின் கணினித் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி சோஃபியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றும் நடக்கிறது. ஊர் ஏரிக்கரையில் கோல்ஃப் மைதானமும் விடுதியும் வந்துவிட்டன. 2001இல் ஷிவ்கொவின் சிலையைத் திரும்ப நிறுத்தினார்கள். அதை அரசியலாக மட்டும் படிப்பவர்களுக்கு இந்த ஊர் பிடிபடாது. வேலை இருந்த காலத்தின் நினைவுச்சின்னமாகப் பார்ப்பவர்களும் அங்கே உண்டு.

இருண்ட பக்கமும் ஒன்று. நிரல் எழுதக் கற்ற ஒரு தலைமுறைக்கு அதை விற்கச் சந்தை இல்லை. மென்பொருளுக்குப் பதிப்புரிமைச் சட்டமே 1993இல்தான் வந்தது. நகல் எடுப்பதும் பூட்டை உடைப்பதும்தான் கற்ற பாடம். 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் உலகை அலைக்கழித்த கணினி நச்சுநிரல்களில் கணிசமானவை பல்கேரியாவிலிருந்து வந்தது தற்செயல் அல்ல. அதே தலைமுறையின் மற்றவர்கள் பின்னாளில் நாட்டின் மென்பொருள் தொழிலைக் கட்டினார்கள்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

நகல் எடுத்ததைத் தவறாக நாங்கள் எழுதவில்லை. 1980இன் பல்கேரியாவுக்கு அதுவே விரைவான வழி. ஆப்பிள் 2 சரியான தேர்வும்கூட. மாற்றியிருக்க வேண்டியது கணக்கெழுதும் முறை. ஒவ்வொரு மாதிரிக்கும் 'இதில் டாலர் எவ்வளவு' என்ற ஒரே ஒரு வரி வடிவமைப்பு மேசையிலேயே இருந்திருந்தால், பிரவெட்ஸ் 16ஐ எவ்வளவு செய்வது, 8ஏவை எவ்வளவு நீட்டிப்பது என்ற முடிவு வேறாக இருந்திருக்கும். உள்நாட்டுச் செயலி கைவசம் இருந்த எட்டு பிட் வரிசைதான் செலாவணியைக் குறைவாகத் தின்றது. அதைப் பள்ளிக்கு மலிவாக்குவதில் கவனம் செலுத்தியிருக்கலாம்.

அடுத்தது, பராமரிப்பை வணிகமாக்காமல் விட்டது. சோவியத் பள்ளிகளில் நிறைய எந்திரங்கள் நின்றிருந்தன. 4116 சில்லும் சாக்கெட்டும் பிளாப்பி தலையைத் துடைக்கும் ஆளும் தேவைப்பட்டார்கள். புதிய எந்திரம் விற்காத 1991க்குப் பிறகும் பழுது பார்ப்பதில் சில ஆண்டு வேலை இருந்திருக்கும். உற்பத்தி எண்ணிக்கையை மட்டுமே இலக்காக வைத்த திட்டத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

ஆவணமும் அப்படித்தான். ஆலை மூடும்போது வரைபடம், சோதனை நிரல், ரோம் மூலப்படி ஆகியவற்றை ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ ஒரு படி வைப்பதற்குப் பெரிய செலவு இல்லை. இன்று ஆர்வலர்கள் இருக்கும் பலகையைப் பார்த்துக் கோடு கோடாக வரைந்து சேர்க்கிறார்கள். பழைய வட்டு வைத்திருப்பவர்களுக்கு நடைமுறைக் குறிப்பு: பிரவெட்ஸ் 82 வட்டைச் சாதாரண பிசியின் பிளாப்பி ஓட்டியால் படிக்க முடியாது, காந்தப் பதிவை அப்படியே எடுக்கும் கருவி வேண்டும். பிரவெட்ஸ் 16இன் உரைக் கோப்பு என்றால் வேலை சுலபம். 128 முதல் 191 வரை உள்ள ஒவ்வொரு பைட்டோடும் 64 கூட்டினால் விண்டோஸின் சிரில்லிக் குறிமுறையில் எழுத்து அப்படியே வந்து உட்காரும். சட்டக் கோடுகள் இருக்கும் 192 முதல் 223 வரையிலானவற்றை மட்டும் அதற்கு முன்பே தனியாக மாற்றிவிட வேண்டும்; இல்லாவிட்டால் கூட்டிய பிறகு எது கோடு, எது எழுத்து என்று பிரிக்க முடியாது.